வீட்டு ஃபயர்வாலில் நெட்வொர்க் கார்டு தொங்கினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஓபிஎன்சென்ஸ், பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள்களில் ஒன்றைப் போட்ட சின்னப் பெட்டியை வீட்டு ஃபயர்வாலாக வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கமானதுதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நெட் திடீரென நிற்கும். பெட்டியில் விளக்கு எரியும், ஆனால் எதுவும் போகாது, வராது. ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும். சில நாளில் மறுபடி அதே கதை. கார்டு போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும் என்ற முடிவுக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறோம். பெரும்பாலும் கார்டு போயிருப்பதில்லை. டிரைவர், மின்சேமிப்பு அமைப்பு, கேபிள், பவர் அடாப்டர் என்று இவற்றில் ஏதோ ஒன்று படுத்தும். எது என்பதற்கான துப்பை, இயக்க முறைமையின் மையப் பகுதியான கர்னலே அநேகமாக எழுதி வைத்திருக்கும். அதைப் படிப்பதற்குள் ஸ்விட்சை அணைப்பதுதான் பிரச்சினை.

ரீபூட்டுக்கு முன்னால்

நெட் நின்றதும் பெட்டியில் ஒரு மானிட்டரையும் கீபோர்டையும் மாட்டுங்கள். கன்சோல் மெனு வந்தால் 8-ஐ அழுத்துங்கள், கட்டளைகளைத் தட்டும் ஷெல் வரும். இரண்டு ஃபயர்வாலிலும் அதே எண்தான். கீபோர்டுக்குப் பதில் வருகிறது என்றால் கர்னல் உயிரோடு இருக்கிறது, போர்ட் மட்டும் தொங்கியிருக்கிறது. எதை அழுத்தினாலும் அசைவில்லை, நம்லாக் விளக்குகூட மாறவில்லை என்றால் விஷயம் வேறு. கீழே "பெட்டியே உறைகிறது" என்ற பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

ஷெல்லில், கர்னல் எழுதிய செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளை கொடுத்து, கடைசி ஐம்பது வரிகளை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து பிசிஐகான்ஃப் -எல்வி. எந்தப் போர்ட்டில் எந்தச் சிப் என்று இது காட்டும். ஆர்இ0 என்று தொடங்கினால் ரியல்டெக். ஐஜிபி0 என்றால் ஐ210, ஐ350 போன்ற இன்டெல் ஜிகாபிட் சிப்கள். ஐஜிசி0 என்றால் 2.5 ஜிகாபிட் ஐ225 அல்லது ஐ226. இஎம்0 என்றால் பழைய இன்டெல், அல்லது மதர்போர்டிலேயே வரும் ஐ219 வகை. பெட்டியின் அட்டையில் என்ன அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பதைச் சொல்வது இந்தக் கட்டளைதான். இனி வரும் எல்லாமே இந்தப் பெயரைப் பொறுத்தது.

லாக் ஃபைல்களை ரேம் டிஸ்க்கில் வைக்கும் வசதியை ஆன் செய்திருந்தால், பிழை பிடிபடும் வரை ஆஃப் செய்துவிடுங்கள். பவர் போனால் அதில் இருப்பதெல்லாம் போய்விடும். லாக்கை வேறொரு கணினிக்கு அனுப்பும் ரிமோட் சிஸ்லாக் நல்ல ஏற்பாடு. ஆனால் தொங்குவது வீட்டுப் பக்கத்து லேன் போர்ட்டே என்றால், முக்கியமான அந்தக் கடைசி வரி அங்கே போய்ச் சேராது. அதனால் பெட்டியின் டிஸ்க்கிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். டிரைவரையும் கேபிளையும் பயாஸையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டால், எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது. அடுத்த அப்டேட்டில் தொல்லை திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

"ஆர்இ0: வாட்ச்டாக் டைம்அவுட்" என்ற வரி

வீட்டு ஃபயர்வால்களில் அதிகம் பார்க்கும் அறிகுறி இது. பெரிய டவுன்லோடு ஓடும்போது, இரவில் பேக்கப் ஓடும்போது வரும். ரியல்டெக்கின் 8111, 8168 குடும்பத்துச் சிப்கள்தான் பொதுவாக இதில் மாட்டும்.

உள்ளே நடப்பது இதுதான். டிரைவர் ஒரு பாக்கெட்டைக் கார்டிடம் கொடுத்துவிட்டு 5 விநாடிக்கு ஒரு டைமரைப் போடுகிறது. அனுப்பிவிட்டேன் என்று கார்டிலிருந்து அதற்குள் பதில் வரவில்லை என்றால், கார்டு சிக்கிக்கொண்டது என்று டிரைவர் முடிவுசெய்து, இந்த வரியை எழுதிவிட்டு கார்டை முதலிலிருந்து துவக்குகிறது. அதனால்தான் இதற்கு அடுத்து லிங்க் டவுன், லிங்க் அப் என்று இரண்டு வரிகள் சேர்ந்தே வரும். கார்டு மீண்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு வீடியோ கொஞ்ச நேரம் நின்று ஓடியது போலத்தான் தெரியும். மீளவில்லை என்றால் அதே வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும், போர்ட் செத்ததுபோல் கிடக்கும்.

முதலில் மாற்ற வேண்டியது டிரைவரை. இந்த ஃபயர்வால்களுக்கு அடித்தளமான ஃப்ரீபிஎஸ்டி இயக்க முறைமையோடு வரும் அடிப்படை டிரைவருக்குப் பதிலாக ரியல்டெக் நிறுவனம் எழுதிய டிரைவர் தனிப் பேக்கேஜாகக் கிடைக்கிறது. ஓபிஎன்சென்ஸில் சிஸ்டம், ஃபர்ம்வேர், பிளகின்ஸ் என்று போய் ஓஎஸ்-ரியல்டெக்-ஆர்இ என்பதை நிறுவி ரீபூட் செய்தால் போதும். பிஎஃப்சென்ஸில் ஷெல்லிலிருந்து ரியல்டெக்-ஆர்இ-கேமாட் பேக்கேஜை நிறுவ வேண்டும். நிறுவி முடிந்ததும் திரையில் இரண்டு வரிகள் காட்டும். ஒன்று டிரைவர் மாட்யூலை ஏற்றச் சொல்வது, மற்றது அது இருக்கும் இடத்தைச் சொல்வது. இரண்டையும் எழுத்துப் பிசகாமல் லோடரின் லோக்கல் கான்ஃபிக் ஃபைலில் சேர்த்துவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

பலர் ஏமாறுவது இதற்கு அடுத்த படியில். பேக்கேஜ் ஏறியிருக்கும், ஆனால் ஓடிக்கொண்டிருப்பது பழைய டிரைவராகவே இருக்கும். இரண்டாவது வரியை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். கேஎல்டிஸ்டாட் கட்டளை கொடுத்து, ஆர்இ மாட்யூல் தனியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். டிமெசேஜிலும் ஆர்இ0 வரிகளில் டிரைவரின் பதிப்பு எண் தெரியும். அடிப்படை டிரைவர் அப்படி எண் எழுதாது. எண் இல்லை என்றால் மாற்றம் நடக்கவே இல்லை.

இந்த மாட்யூல் குறிப்பிட்ட கர்னல் பதிப்புக்காகக் கட்டப்பட்டது. ஃபயர்வாலின் பெரிய அப்கிரேடில் கர்னல் மாறி, மாட்யூல் மாறாமல் நின்றால் போர்ட்டே காணாமல் போகலாம். ரியல்டெக் பெட்டி வைத்திருப்பவர்கள் பெரிய அப்கிரேடை, கையில் மானிட்டரும் கான்ஃபிக் பேக்கப்பும் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

டிரைவர் மாற்றியும் வாட்ச்டாக் வரி வந்தால், ஹார்டுவேர் ஆஃப்லோடுகளைப் பாருங்கள். செக்சம், டிஎஸ்ஓ, எல்ஆர்ஓ மூன்றும் பாக்கெட் வேலையில் ஒரு பகுதியைக் கார்டின் தலையில் கட்டும் வசதிகள். சர்வருக்கு நல்லவை. பாக்கெட்டை வாங்கி அடுத்த பக்கம் தள்ளும் ஃபயர்வாலுக்கு டிஎஸ்ஓவும் எல்ஆர்ஓவும் தேவையே இல்லை, வம்புதான் மிச்சம். ஓபிஎன்சென்ஸில் இன்டர்ஃபேசஸ், செட்டிங்ஸ் பக்கத்திலும், பிஎஃப்சென்ஸில் சிஸ்டம், அட்வான்ஸ்டு, நெட்வொர்க்கிங் பக்கத்திலும் மூன்றையும் முடக்கலாம். முடக்கியபின் ஒருமுறை ரீபூட் செய்துவிடுங்கள்.

சாதாரண ரீபூட் எப்போதும் கார்டைத் தெளியவைக்காது. பெட்டி அணைந்திருந்தாலும் அடாப்டர் மாட்டியிருக்கும்வரை கார்டுக்கு ஸ்டேன்ட்பை மின்சாரம் போய்க்கொண்டிருக்கலாம், குழம்பிய நிலை அப்படியே நீடிக்கலாம். அடாப்டரையே பிடுங்கி அரை நிமிடம் விட்டு மாட்டுங்கள். அதன்பின் போர்ட் உயிர்பெற்றால், கார்டு எரிந்துவிட்டது என்ற சந்தேகத்தைத் தள்ளிவைக்கலாம்.

ரியல்டெக் என்றாலே குப்பை என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சரியான டிரைவரோடு மாதக்கணக்கில் அசையாமல் ஓடும் பெட்டிகள் நிறைய உண்டு. இருப்பதைத் தூக்கிப்போட வேண்டாம், ஆனால் புதிதாக வாங்குவதாக இருந்தால் நான் இன்டெல்லைத்தான் சொல்வேன்.

வாட்ச்டாக் வரி இல்லை. லிங்க் மட்டும் போய்ப் போய் வருகிறது

வெறும் லிங்க் டவுன், லிங்க் அப் வரிகள் மட்டும் இருந்தால், டிரைவரைத் தொடுவதற்கு முன் கம்பியைப் பாருங்கள். வேறு கேபிள் மாட்டுங்கள். பழைய கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஐஎஃப்கான்ஃபிக் கொடுத்தால் போர்ட் எந்த வேகத்தில் பேசுகிறது என்று தெரியும். ஜிகாபிட் இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று காட்டினால், கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஏதோ ஒன்று தொடர்பில் இல்லை என்றே முதலில் எண்ணலாம். நூறுக்கு இரண்டு ஜோடி போதும், ஆயிரத்துக்கு நான்கும் வேண்டும்.

நெட்ஸ்டாட் -ஐ காட்டும் பிழை எண்ணிக்கையையும் பாருங்கள். உள்வரும் பிழை ஏறிக்கொண்டே போனால் கேபிள், கனெக்டர், சாக்கெட் என்று தேடுங்கள்.

இணையம் வரும் வேன் போர்ட்டில் மட்டும் இப்படி நடந்தால் ஃபைபர் மோடத்தையும் விசாரிக்க வேண்டும். அதன் பக்கத்தில் நுழைந்து எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். ஃபயர்வால் லிங்க் போன நேரமும் மோடம் ரீபூட் ஆன நேரமும் ஒன்றாக இருந்தால் உங்கள் கார்டுக்கு இதில் பங்கில்லை. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தக் கணத்தில் மோடத்தின் 12 வோல்ட் அடாப்டர் தாக்குப்பிடிக்காமல் விழுவது நம் வீடுகளில் நடக்கக்கூடியதுதான். மோடம் நிற்காமல் ஓடியும் லிங்க் ஆடினால், இரண்டுக்கும் நடுவில் ஒரு சாதாரண ஜிகாபிட் ஸ்விட்சை வைத்துப் பாருங்கள். சில மோடம்களும் சில சிப்களும் ஒன்றோடொன்று வேகம் பேசி முடிப்பதில் ஒத்துப்போவதில்லை. நடுவில் ஸ்விட்ச் வந்ததும் லிங்க் ஆடாமல் நின்றால் காரணமும் தெரிந்தது, மருந்தும் கிடைத்தது. அப்படியே விட்டுவிடலாம்.

இன்டெல் 2.5 ஜிகாபிட் போர்ட் ஆடுவது, அல்லது காணாமலே போவது

நான்கு போர்ட்டோடு ஃபேன் இல்லாமல் வரும் சின்னப் பெட்டிகளில் இப்போது ஐ225-வி, ஐ226-வி சிப்கள்தான் அதிகம். ஐ225-இன் ஆரம்பப் பதிப்புகளில் உண்மையான ஹார்டுவேர் குறை இருந்தது. 2.5 ஜிகாபிட்டில் பாக்கெட்டுகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளி சரியாக அமையாமல், சில ஸ்விட்சுகளோடு பாக்கெட் இழப்பு வந்தது. 2020-இல் இது வெளியே தெரிந்தது. பி3 என்ற பதிப்பில் சரிசெய்தார்கள். பிசிஐகான்ஃப் காட்டும் வரியில் ரெவ் என்ற இடத்தில் 3 இருந்தால் பி3, 1 அல்லது 2 என்றால் பழையது. பழையதாக இருந்தால் அந்தப் போர்ட்டை 1 ஜிகாபிட்டில் கட்டிப்போடுங்கள். வீட்டு இணைப்பு அதற்கு மேல் இல்லை என்றால் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

ஐ226-இல் வரும் தொல்லை பெரும்பாலும் மின்சேமிப்பைச் சேர்ந்தது. இரண்டு இடத்தில் பாருங்கள். ஒன்று பயாஸில் ஏஎஸ்பிஎம். பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பைச் சும்மா இருக்கும் நேரத்தில் உறங்கவைக்கும் வசதி இது. உறங்கிய இணைப்பு சரியாக எழாவிட்டால் கார்டே இல்லாததுபோல் ஆகிவிடும். லினக்ஸ் ஃபயர்வாலாக இருந்தால், பிசிஐஇ லிங்க் லாஸ்ட், டிவைஸ் டிடாச்டு என்று பட்டவர்த்தனமாக எழுதியே காட்டும். பயாஸில் எங்கெல்லாம் ஏஎஸ்பிஎம் என்று இருக்கிறதோ அங்கெல்லாம் டிசேபிள் போடுங்கள். இரண்டாவது இஇஇ என்ற ஈதர்நெட் மின்சேமிப்பு. இது எதிர்முனையிலும் இருக்கும் என்பதால், ஸ்விட்சில் க்ரீன் ஈதர்நெட் மாதிரிப் பெயரில் ஏதாவது இருந்தால் அதையும் அணையுங்கள். மாதக் கரண்ட் பில்லில் வித்தியாசமே தெரியாது.

பெட்டியைத் தொட்டும் பாருங்கள். ஃபேன் இல்லாத பெட்டியை மூடிய அலமாரியில், மோடத்தின் மேல் அடுக்கிவைத்தால், ஏப்ரல் மே மாத மதியங்களில் மட்டும் தொங்குவதற்கு அதுவே காரணமாகலாம். ஓபிஎன்சென்ஸ் டேஷ்போர்டிலேயே வெப்பநிலை தெரியும். ஒரு சின்ன யுஎஸ்பி ஃபேனை இரண்டு வாரம் வைத்துப் பார்ப்பது மலிவான, நம்பகமான சோதனை.

இன்டெல் என்ற பெயர் மட்டுமே காப்பாற்றிவிடாது என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. 2013-இல் 82574எல் சிப் வைத்த சில போர்டுகளில், குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட பைட் மதிப்பு கொண்ட ஒரே ஒரு பாக்கெட் வந்தாலே போர்ட் செத்துப்போனது. பவரை முழுதாக எடுத்தால்தான் மீண்டது. இணையத் தொலைபேசிப் பாக்கெட்டுகளைத் துருவித்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு போர்டு தயாரிப்பாளர் கார்டின் ஈப்ரமில் தவறான படிமத்தை எழுதியதே காரணம் என்று இன்டெல் விளக்கியது. சிப் ஒன்றேதான், எழுதிய ஃபர்ம்வேர்தான் வேறு. தொல்லை விடாதபோது பயாஸ் அப்டேட்டைத் தேடிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஐபிஎஸ் ஆன் செய்தபின் தொடங்கிய தொல்லை

ஓபிஎன்சென்ஸில் தாக்குதல்களைக் கண்டறியும் சூரிகாட்டாவை, அவற்றைத் தடுக்கவும் செய்யும் ஐபிஎஸ் முறையில் ஓட்டினால், பாக்கெட்டுகள் நெட்மேப் என்ற வழியாகக் கார்டிலிருந்து நேரே அதன் கைக்குப் போகின்றன. இங்கே டிரைவர் கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும் உடனே வெளியே தெரியும். சேவை தொடங்கும்போது லிங்க் ஒருமுறை விழுந்து எழுவது இயல்பு, அதைப் பிழை என்று எண்ண வேண்டாம். அதன்பின்னும் தொங்கினால் ஐபிஎஸ் முறையை மட்டும் நிறுத்தி, வெறும் கண்காணிப்பாக ஓடவிடுங்கள். தொல்லை நின்றால் இடம் தெரிந்துவிட்டது.

முன்பு சொன்ன ஆஃப்லோடுகள் மூன்றும் அணைந்திருக்கின்றனவா என்று மறுபடி பாருங்கள். ஐபிஎஸ்ஸுக்கு அது கட்டாயம். ஒரே கம்பியில் பல தனி நெட்வொர்க்குகளைப் பிரித்து ஓட்டும் விஎல்ஏஎன்கள் இருந்தால் ஐபிஎஸ்ஸை அவற்றின் மேல் கட்டாமல் தாய் இன்டர்ஃபேஸில் கட்டி, ப்ராமிஸ்குவஸ் முறையை ஆன் செய்யுங்கள்.

பல போர்ட், பல கோர் உள்ள பெட்டியில், டிமெசேஜில் எம்பஃப் கிளஸ்டர் எல்லை எட்டிவிட்டது என்று வரி வந்தால் அது பாக்கெட் வைக்கும் நினைவகம் தீர்ந்ததன் அடையாளம். நெட்ஸ்டாட் -எம் அதைக் காட்டும். கெர்ன்.ஐபிசி.என்எம்பிகிளஸ்டர்ஸ் என்ற டியூனபிளைக் கூட்டி வைத்தால் சரியாகும்.

பெட்டியே உறைகிறது, அல்லது தானாக ரீபூட் ஆகிறது

இதில் கார்டு குற்றவாளியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கர்னலே பிழையில் நின்றுபோகும் பேனிக் என்றால் ஃபேட்டல் டிராப் 12, பேஜ் ஃபால்ட் என்பதுபோல வரி இருக்கும். அடுத்த பூட்டில், கிராஷ் நடந்தது என்று ஃபயர்வாலின் வலைப்பக்கமே சொல்லும். அந்த அறிக்கையில் பேக்டிரேஸ் என்ற பகுதியைப் பாருங்கள். அடுக்கடுக்காக வரும் ஃபங்ஷன் பெயர்களில் ஆர்இ, ஐஜிசி, ஐஃப்லிப், நெட்மேப் என்று வந்தால் நெட்வொர்க் டிரைவர் பக்கம் சந்தேகம் வலுக்கும். ஒவ்வொரு தடவையும் சம்பந்தமில்லாத வெவ்வேறு பெயர்கள் வந்தால் டிரைவரை விட்டுவிடுங்கள், ரேம்தான் முதல் சந்தேகம். மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் ரேமை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கிராஷ் அறிக்கையே இல்லாமல் சட்டென்று ரீபூட் ஆனால் பவர் அடாப்டரைச் சந்தேகியுங்கள். பெட்டியோடு வந்த 12 வோல்ட் அடாப்டருக்குப் பதிலாக அதே வோல்ட், அதைவிட அதிக ஆம்பியர் உள்ள நல்ல அடாப்டரை மாட்டிப் பார்ப்பது எளிது.

ப்ராக்ஸ்மாக்ஸுக்குள் ஓடும் ஃபயர்வால்

ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் ஃபயர்வாலை விர்ச்சுவல் மெஷினாக ஓட்டுபவர்கள் ஃபயர்வாலுக்குள் தேடிக் களைத்துப்போவார்கள், விழுந்தது அதைத் தாங்கும் கணினியான ஹோஸ்ட்டின் கார்டாக இருக்கும். ஹோஸ்ட்டின் லாக்கில் இ1000இ என்ற பெயரோடு, டிடெக்டெட் ஹார்டுவேர் யூனிட் ஹேங் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் இன்டெல் ஐ219 இதற்குப் பேர்போனது. ஹோஸ்ட்டில் ஈத்டூல் கொண்டு அந்தப் போர்ட்டின் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ இரண்டையும் அணைத்தால் பெரும்பாலும் நிற்கும். ரீபூட்டில் போய்விடாமல் இருக்க, நெட்வொர்க் இன்டர்ஃபேசஸ் ஃபைலில் போஸ்ட்-அப் வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

விர்ச்சுவல் மெஷினுக்கு விர்ட்ஐஓ என்ற மெய்நிகர் கார்டு கொடுத்திருந்தால் ஃபயர்வாலுக்குள்ளும் செக்சம் ஆஃப்லோடை முடக்க வேண்டும். பிங் போகிறது, ஆனால் வலைப்பக்கம் திறக்கவில்லை அல்லது நத்தை வேகம் என்றால் அநேகமாக இதுதான்.

யுஎஸ்பி அடாப்டர்

யூஇ0 என்று பெயர் காட்டும் போர்ட் இது. டிமெசேஜில் டிஸ்கனெக்டெட் என்று வந்து, விநாடிகளில் மறுபடி இணைந்தது என்று வரும். வேறு யுஎஸ்பி சாக்கெட், நடுவில் ஹப் இல்லாமல் நேரடி இணைப்பு, இவ்வளவுதான் செய்ய முடியும். நிரந்தர ஃபயர்வாலுக்கு யுஎஸ்பி போர்ட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே போர்ட் உள்ள பெட்டியானால் விஎல்ஏஎன் தெரிந்த சின்ன ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, வேனையும் லேனையும் அந்த ஒரே கம்பியில் பிரித்து அனுப்புவது இதைவிட உறுதியானது.

கார்டு உண்மையிலேயே போயிருந்தால்

டிரைவர், கேபிள், மின்சேமிப்பு, அடாப்டர் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியாக இன்டர்ஃபேஸ் அசைன்மென்ட்டில் வேன், லேன் போர்ட்டுகளை இடம் மாற்றுங்கள். தொல்லை பழைய போர்ட்டிலேயே நின்றால் அந்தப் போர்ட் போய்விட்டது. புதிய இடத்துக்கு வேனோடு நகர்ந்தால் காரணம் கம்பியின் அந்தப் பக்கம் இருக்கிறது.

கார்டு வாங்கும்போது ஐ210 அல்லது ஐ350 போதும். இரண்டுமே வீட்டுக்குத் தாராளம், டிரைவரும் முதிர்ந்தது. நான்கு போர்ட் ஐ350 கார்டுகளில் போலிகள் நிறைய உலவுகின்றன. சந்தை விலையைவிட மிகக் குறைவாகப் புதுக் கார்டு என்று விற்றால் தள்ளிப் போங்கள். நம்பகமான இடத்தில் சர்வரிலிருந்து கழற்றிய பழைய அசல் கார்டு அதைவிட மேல்.

மாற்றிய பின் சோதிக்கும்போது, நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3-ஐ ஃபயர்வாலிலேயே ஓட்டாதீர்கள். அது ஃபயர்வாலின் சிபியுவை அளப்பதாகிவிடும். வேன் பக்கம் ஒரு கணினி, லேன் பக்கம் ஒரு கணினி வைத்து, நடுவில் ஃபயர்வால் வழியாகப் பாக்கெட் ஓடும்படி இரண்டு திசையிலும் சில மணி நேரம் ஓடவிடுங்கள். தொடங்கும் முன் நெட்ஸ்டாட் -ஐ காட்டும் பிழை எண்களைக் குறித்துவைத்து, முடிந்தபின் ஒப்பிடுங்கள். எண் ஏறாமல், டிமெசேஜில் புது வரி வராமல் இருந்தால் மானிட்டரைக் கழற்றிவிடலாம்.